மண்டபத்துக்குப் பின்னால்

போன ஆவணியில் எங்கள் சொந்தத்தில் ஒரு கல்யாண வரவேற்பு. கடலூர் - புதுச்சேரி சாலையில் மண்டபம். இரவு ஒன்பதரை இருக்கும், கடைசிப் பந்தி ஓடிக்கொண்டிருந்தது. பதினொன்றாம் வகுப்பு படிக்கும் என் மகன், பின்னால் இரண்டு பையன்களை ஏற்றிக்கொண்டு எங்கள் ஸ்கூட்டரில் வந்து இறங்கினான். ஐஸ் வாங்கப் போயிருந்தானாம். பையை வாங்கக் கிட்டே போனேன். வாடை அடித்தது.

"யாருடா கொடுத்தது?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் தலையைக் குனிந்துகொண்டே சொன்னான்: "மாமாதாம்மா. ஒரு கிளாஸ் பீர்தான்."

மாமா என்றால் என் கூடப்பிறந்த அண்ணன். ஸ்கூட்டர் சாவியை எடுத்துக் கொடுத்தது என் கணவர். பிள்ளை அன்று முழுசாகத் திரும்பி வந்துவிட்டான். அதனால்தான் இதை எழுத முடிகிறது.

நம் பக்கத்துக் கல்யாணங்களில் இது எப்படி நடக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். முன்பக்கம் சந்தனம், கல்கண்டு, பன்னீர். பின்பக்கம் கார் டிக்கி திறந்திருக்கும். கடலூர் ஆல்பேட்டை தாண்டிக் கொஞ்ச தூரத்தில் எல்லையில் இருக்கும் முள்ளோடை, அதற்கப்புறம் புதுச்சேரி. தமிழ்நாட்டில் மது வாங்க 21 வயதாக வேண்டும், அங்கே 18 போதும். பெரியவர்கள் உட்கார்ந்துவிட்டால் ஓடியாட ஆள் வேண்டும். "தம்பி, வண்டிய எடுத்துட்டுப் போய் சோடா வாங்கிட்டு வா." மீசை அரும்பும் பையனுக்கு அது பெருமை. பெரியவர்கள் நம்மையும் சேர்த்துக்கொண்டார்கள் என்று நினைக்கிறான். மூன்றாவது நடையில் அவன் கைக்கும் ஒரு கிளாஸ் வருகிறது. "ஆம்பளப் புள்ளதானே" என்று யாராவது சிரிப்பார்கள்.

பெண்கள் நாங்கள் என்ன செய்கிறோம்? அந்தப் பக்கமே போவதில்லை. போகாமல் இருப்பதுதான் மரியாதை என்று பழகிவிட்டோம். என் தவறு அங்கேதான் இருக்கிறது.

2024 மே மாதம் புனேயில் 17 வயதுப் பையன் ஓட்டிய போர்ஷே கார் மோதி இரண்டு இளம் பொறியாளர்கள் இறந்தார்கள். சாலை விபத்து பற்றி 300 சொல்லில் கட்டுரை எழுதச் சொல்லி அவனுக்கு ஜாமீன் கொடுத்தபோது நாடே கொதித்தது. நானும்தான் கோபப்பட்டேன். பணக்காரப் பிள்ளை, அப்பன் கொடுத்த கார் என்று பேசினேன். எங்கள் வீட்டில் இருப்பது 125 சிசி ஸ்கூட்டர். சாவியைக் கொடுத்த கை மட்டும் இரண்டு வீட்டிலும் ஒன்றுதான்.

அந்த ராத்திரிக்கப்புறம் சட்டத்தைத் தேடிப் படித்தேன். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் சேர்த்த 199ஏ பிரிவின்படி, 18 வயது ஆகாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றோரோ வண்டியின் சொந்தக்காரரோ குற்றவாளி. மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதம் ரத்து. பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. "எனக்குத் தெரியாமல் எடுத்துட்டுப் போயிட்டான்" என்று சொன்னால் மட்டும் போதாது, அதை நாம்தான் நிரூபிக்க வேண்டும். இன்னொன்றும் இருக்கிறது. சிறார் நீதிச் சட்டம் 77ஆம் பிரிவு. சிறுவனுக்கு மது கொடுத்தவருக்கு ஏழு ஆண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் வரை அபராதம். தாய்மாமனுக்கு அதில் விலக்கு இல்லை.

கடைகளில் வயதுச் சான்று கேட்க வேண்டும், ராத்திரியில் போலீஸ் சோதனை வேண்டும். கண்டிப்பாக வேண்டும். ஆனால் என் பிள்ளை எந்தக் கடைக்கும் போய் மது வாங்கவில்லை. வீட்டு ஆட்கள்தான் ஊற்றிக் கொடுத்தார்கள்.

அப்புறம் இந்த "மோர் குடிச்சா தெளிஞ்சிடும்" கதை. மோர், எலுமிச்சை, காபி எதுவும் ரத்தத்தில் ஏறியதை இறக்காது. ஈரல் தன் வேகத்தில்தான் வேலை செய்யும்.

மகனிடம் ஒன்று சொல்லியிருக்கிறேன். எந்த ஊரில், எத்தனை மணிக்கு, எந்த நிலையில் இருந்தாலும் போன் பண்ணு, நானே ஆட்டோவில் வருகிறேன். அன்று ராத்திரி ஒரு வார்த்தை கேட்க மாட்டேன், மறுநாள் பேசிக்கொள்ளலாம். ஸ்கூட்டர் சாவி இப்போது என் பீரோவில் இருக்கிறது. டியூஷனுக்குச் சைக்கிளில் போகிறான்.

அண்ணனிடமும் சொன்னேன், எல்லோர் முன்னாலும். இன்னும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. தை மாதம் அண்ணன் மகள் கல்யாணம் வருகிறது. மண்டப வாசலில் நின்று பையன்களிடம் வண்டிச் சாவிகளை வாங்கி வைக்கப் போகிறேன். அண்ணியிடம் சொல்லிவிட்டேன். அவரும் கூட நிற்கிறேன் என்றார்.