ரஸ்டேசியனில் துரு எங்கே?

நிரல்மொழிகளைச் சுற்றியுள்ள செல்லப்பெயர்கள் பற்றிய உங்கள் கட்டுரையில், ரஸ்ட் (ஆங்கிலத்தில் 'துரு') என்ற நிரல்மொழியில் எழுதுபவரைக் குறிக்கும் 'ரஸ்டேசியன்' என்றால் துருப்பிடித்தவர் என்று விளக்கியிருக்கிறீர்கள். அது சரியல்ல. ஆங்கிலத்தில் நண்டு, இறால் வகையறாவுக்கு 'க்ரஸ்டேசியன்' என்று பெயர். முதலில் வரும் 'க்'கை உதிர்த்தால் ரஸ்டேசியன். ரஸ்ட் மொழிக்கு நண்டுச் சின்னம் வந்ததும் இந்தச் சிலேடையால்தான். நண்டின் பெயர் ஃபெர்ரிஸ். இரும்பைக் குறிக்கும் 'ஃபெரஸ்' அதில் ஒளிந்திருக்கிறது. ஆக, துரு வேண்டுமென்றால் அங்கே தேடலாம்!

இந்த நண்டு வெறும் அலங்காரமும் அல்ல. ரஸ்ட் மொழியின் இணையப் பாடநூலில் சில நிரல்களின் ஓரத்தில் அது நிற்கும். கேள்விக்குறியோடு நின்றால் அந்த நிரல் கம்பைல் ஆகாது, அதாவது கணினி இயக்கும் வடிவத்துக்கு மாறாது. வேண்டுமென்றே தவறாக எழுதிய உதாரணம். புதிதாகப் படிப்பவர்கள் இதைக் கவனிக்காமல் அப்படியே தட்டச்சு செய்துவிட்டு, தங்கள் கணினியில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொள்வார்கள்.

அடுத்து, பைத்தான் என்ற நிரல்மொழி. 'பைத்தானிஸ்டா'வையும் 'பைத்தானிக்'கையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியிருக்கிறீர்கள். முன்னது அந்த மொழியில் எழுதும் ஆளைக் குறிக்கும், பின்னது அதற்கு இயல்பான நிரல் நடையை. ஒரு பட்டியலைச் சுற்றிவர 'ரேஞ்ச்'சுக்குள் (எண்வரிசை தருவது) 'லென்' (நீளம் சொல்வது) போட்டு வரிசை எண்ணை எடுத்து, அந்த எண்ணால் உறுப்பைத் தேடினால் அது பைத்தானிக் இல்லை. நேராக உறுப்பையே எடுக்க வேண்டும். எண்ணும் தேவை என்றால், இரண்டையும் சேர்த்துத் தரும் 'எனுமரேட்'. அப்புறம், மொழிக்குப் பெயர் கொடுத்தது பாம்பு அல்ல, மான்ட்டி பைத்தான் என்ற பிரிட்டிஷ் நகைச்சுவைக் குழு. லோகோவில் பாம்பு வந்ததால் எல்லாருக்கும் அந்த மயக்கம்.

கடைசியாக, 'கோ' என்ற நிரல்மொழியின் சின்னமான 'கோஃபர்' அணில் இல்லை, வளை தோண்டும் கொறிவிலங்கு. படம் ரெனே ஃபிரெஞ்ச் என்ற ஓவியர் வரைந்தது. டி-ஷர்ட்டில் அச்சிடலாம், ஆனால் அவர் பெயரைக் குறிப்பிட வேண்டும், உரிமம் அப்படி.