நிலநடுக்கம் வைத்து ஒரு சீரியலைக் காப்பாற்றியவர்

1967. பிரேசிலின் குளோபோ தொலைக்காட்சியில் 'அனஸ்தாசியா' என்று ஒரு தொடர் ஓடிக்கொண்டிருந்தது. ஏகப்பட்ட பாத்திரங்கள். கதை எங்கே போகிறதென்று யாருக்கும் பிடிபடவில்லை, செலவு வேறு எகிறியது. தொடர் எழுத்தாளர் ஜனெட்டே கிளேரைக் கூப்பிட்டு, "இதைச் சரிசெய்" என்று கொடுத்தார்கள். அவர் ஒரு நிலநடுக்கத்தை வரவழைத்தார். ஒரு சிலரைத் தவிர எல்லாரும் காலி. கதை இருபது வருடம் தாண்டிக் குதித்தது, தொடரும் பிழைத்தது.

சீரியல்காரர்களின் புத்தி இதுதான் என்று கேலி செய்ய இந்தக் கதையைச் சொல்வார்கள். நான் அவரை மெச்சுவதற்காகச் சொல்கிறேன். வேறொருவர் போட்ட சிக்கலை, அடுத்த நாள் ஒளிபரப்பு நிற்காமல் அவிழ்ப்பது சாதாரண வேலையா?

மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்தில் 1925-இல் பிறந்தவர். அப்பா லெபனானிலிருந்து வந்து குடியேறியவர். சாவோ பாவுலோ வானொலியில் அறிவிப்பு, நடிப்பு. அப்புறம் வானொலித் தொடர்கள். 'கிளேர்' என்ற பெயர்கூட பிரெஞ்சு இசையமைப்பாளர் டெபுஸ்ஸியின் 'கிளேர் டி லூன்' (நிலவொளி) இசையிலிருந்து எடுத்துச் சூடிக்கொண்டதுதான். 1950-இல் நாடக ஆசிரியர் டியாஸ் கோமஸைக் கல்யாணம் செய்துகொண்டார். கணவரின் நாடகம் ஒன்று படமாகி 1962-இல் கான் திரைப்பட விழாவின் உயரிய விருதை வாங்கியது. ஆக, வீட்டில் ஒருவர் கலைஞர், இன்னொருவர் அழுகாச்சி எழுதும் அம்மா. விமர்சகர்கள் ரொம்ப காலம் இந்தக் கணக்கை மாற்றவே இல்லை.

1972-இல் அவருடைய 'செல்வா டி பெத்ரா'வின் ஒரு முக்கிய அத்தியாயம் வந்த இரவு, ரியோவில் ஓடிய அத்தனை டிவியிலும் அதுதான் ஓடியது என்று இன்றும் சொல்கிறார்கள். சரி, கூட்டம் சேர்ந்தால் தரம் என்று நானும் சொல்லமாட்டேன். ஆனால் 1975-க்கு என்ன பதில்?

அந்த ஆகஸ்டில் டியாஸ் கோமஸின் 'ரோக்கே சான்டெய்ரோ' தொடங்க வேண்டிய நாளிலேயே ராணுவ அரசு தடை போட்டது. 1965-இல் தடை செய்யப்பட்ட தன் நாடகத்தைத்தான் தொடராக்கியிருப்பதாக அவர் நண்பரிடம் தொலைபேசியில் சொன்னதை ஒட்டுக்கேட்டிருந்தார்கள். இரவு எட்டு மணி ஒளிபரப்பு நேரம் காலி. ஜனெட்டேயின் பழைய 'செல்வா டி பெத்ரா'வையே சுருக்கி ஓட்டினார்கள். அது ஓடிக்கொண்டிருக்கும்போதே, கிட்டத்தட்ட அதே நடிகர்களுக்காக அவர் புதுக்கதை எழுத உட்கார்ந்தார். நவம்பரில் 'பெக்காடோ கபிடால்' திரைக்கு வந்தது.

வங்கிக் கொள்ளைப் பணம் ஒரு டாக்சியில் கிடக்கிறது. ஓட்டுநர் கார்லோன் அதைப் போலீசில் கொடுத்தால் தன்மேலேயே சந்தேகம் வரும் என்று பயப்படுகிறான். வைத்துக்கொண்டாலோ தூக்கம் போகிறது. கொஞ்சம் கொஞ்சமாக அந்தப் பணம் அவனைத் தின்கிறது. கடைசியில் ரியோ மெட்ரோவுக்குத் தோண்டிய இடத்தில் செத்து விழுகிறான். தடை போட்ட அரசின் மூக்குக்குக் கீழேயே, பணம் நல்ல மனிதனை என்ன செய்யும் என்று நாடு முழுக்கப் பார்க்கவைத்தார். அவசரத்துக்கு எழுதியதுதான் அவருடைய சிறந்த படைப்பு என்பது என் கட்சி. யோசிக்க நேரமிருந்தால் இன்னும் இரண்டு இரட்டைப் பிறவிகளைச் சேர்த்திருப்பாரோ என்னவோ!

1983 நவம்பரில் புற்றுநோயில் போய்விட்டார். வயது 58. தடைபட்ட கணவரின் தொடர் 1985-இல் வெளிவந்து சக்கைப்போடு போட்டதைப் பார்க்க அவர் இல்லை. பாதியில் நின்ற அவருடைய கடைசித் தொடரை முடித்தவர் உதவியாளர் குளோரியா பெரெஸ். அவர் பின்னாளில் இந்தியக் குடும்பங்களை வைத்து எழுதிய தொடர் 2009-இல் சர்வதேச எம்மி தொலைக்காட்சி விருதை வாங்கியது. பிரேசில் நடிகர்கள் சேலையும் தலைப்பாகையும் கட்டிப் போர்த்துகீசியம் பேசும் அந்தத் தொடரோடு எனக்குத் தனிச் சண்டை இருக்கிறது. அதை இன்னொரு பதிவில் வைத்துக்கொள்ளலாம்.