1.3 டீசல் எஞ்சின் நின்றதற்கு உழைப்பு காரணமல்ல

"நீண்ட நாள் உழைக்குது, புது வண்டி விற்காது, அதனால்தான் ஸ்விஃப்டின் 1.3 டீசல் எஞ்சினை மாருதி நிறுத்திவிட்டது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் நடந்தது அதுவல்ல. அந்த எஞ்சின் இத்தாலிய நிறுவனமான ஃபியட்டின் மல்டிஜெட், 1248 சிசி. உரிமம் வாங்கி இங்கே தயாரித்தார்கள். டாடா விஸ்டாவிலும் அதே எஞ்சின்தான்.

2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6 என்ற வண்டிப் புகைக் கட்டுப்பாட்டு விதி கட்டாயம். டீசல் காருக்கு நைட்ரஜன் ஆக்சைடு வரம்பு கிலோமீட்டருக்கு 250 மில்லிகிராமிலிருந்து 80க்கும், புகைத்துகள் 25லிருந்து 4.5க்கும் இறங்கியது. இதை எட்ட எஞ்சினைத் தட்டிக்கொட்டினால் மட்டும் போதாது, புகைக்குழாயில் துகள் வடிகட்டியும் நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்கத் தனி அமைப்பும் வேண்டும், அந்தச் செலவு பெரிய எஸ்யூவி விலையில் கரைந்துவிடும், சின்ன ஸ்விஃப்ட் விலையில் கரையாது. 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடு போனபிறகு பெட்ரோலுக்கும் டீசலுக்கும் இடையே இருந்த விலை வித்தியாசமும் சுருங்கிவிட்டது. அப்புறம் யார் கூடுதல் காசு கொடுப்பார்கள்?

இன்னொன்று: மாருதி சொந்தமாக உருவாக்கிய 1.5 டீசலை 2019இல்தான் சியாஸ் காரில் கொண்டுவந்தது. அதையும் அடுத்த ஆண்டே நிறுத்திவிட்டது. அதுவும் ரொம்ப நாள் உழைத்ததாலா?

ஹூண்டாய் பிஎஸ்-6க்கு ஏற்ற 1.5 டீசலைக் கொண்டுவந்ததே என்று கேட்கலாம். சரிதான், முடியாத காரியமில்லை. மாருதி கணக்குப் போட்டுப் பார்த்து வேண்டாமென்று விட்டது. அதற்காகத் திட்டுங்கள், நியாயம்.