கார் கம்பெனிக்காரங்களே, கையால திருகற ஏசி நாப்பை ஏன்யா பிடுங்கினீங்க?

ஆத்திரம் இன்னும் அடங்கல, அதான் எழுதறேன். போன ஞாயித்துக்கிழமை ஏலகிரி போயிட்டு வீட்டுக்குத் திரும்பிட்டிருந்தோம். அக்னி நட்சத்திரம். வேலூர் வெயில் எப்படின்னு வேலூர்க்காரங்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல. பின் சீட்டுல எழுபத்திரண்டு வயசு அம்மா, மடியில சாய்ஞ்சு தூங்கற என் சின்னப் பொண்ணு. ஆம்பூர் தாண்டி மாதனூர் வர்றதுக்குள்ள டேஷ்போர்டு நடுவுல இருக்கற பத்து இஞ்ச் திரை அப்படியே உறைஞ்சு போச்சு. ஏசி காத்து ஒண்ணாம் நம்பர்லயே நின்னுடுச்சு. தொட்டுப் பார்த்தேன், தட்டிப் பார்த்தேன், ஒண்ணும் அசையல. கண்ணாடி வழியா வெயில் நேரா விழுந்து திரையே பளபளன்னு மின்னுது, அதுல எந்தப் படம் எங்க இருக்குன்னுகூடத் தெரியல. அம்மா ஒரு வார்த்தை சொல்லல, முந்தானையால முகத்தைத் துடைச்சிக்கிட்டே இருந்தாங்க. அதைக் கண்ணாடியில பார்த்தப்ப எனக்கு வந்த கோபம் இருக்கே!

கடைசியில ஹைவே ஓரமா நிறுத்தி, லாரி ஒவ்வொண்ணும் போறப்ப வண்டி குலுங்க, இன்ஜினை அணைச்சுத் திரும்ப ஸ்டார்ட் பண்ணி, அந்தத் திரை உயிர் பெற்று வர்ற வரைக்கும் உக்காந்திருந்தோம். ஏசி காத்தைக் கூட்டறதுக்கு! ஒரு நாப்பைத் திருப்பற வேலைக்கு!

எங்கப்பா வெச்சிருந்த மாருதி 800ல ப்ளோயருக்குன்னு ஒரு நாப் இருந்துச்சு. ராத்திரி இருட்டுல, கண்ணை ரோட்டை விட்டு எடுக்காம கையை நீட்டினா அது இருக்கற இடத்துல இருக்கும். ‘டக்’னு ஒரு கட்டம் நகரும், விரலுக்கே தெரியும். வண்டியை விக்கற வரைக்கும் அந்த நாப் ஒரு தடவைகூடப் பழுதாகல. அதை எடுத்துட்டு என்னத்த வெச்சாங்க? முதல்ல ஏசி படத்தைத் தொடணும், அப்புறம் ஒரு பக்கம் திறக்கும், அதுல ஒரு கோட்டைப் பிடிச்சு இழுக்கணும். குழியில வண்டி ஏறி இறங்கினா விரல் வேற எங்கயோ படும், பாட்டு மாறும். அவ்வளவு நேரமும் கண்ணு ரோட்டுல இல்ல.

இது என் ஒருத்தனோட புலம்பல்னு நினைக்காதீங்க. ஸ்வீடன்ல வி பிலாகரேன்னு ஒரு கார் பத்திரிகை. 2022ல பதினொரு புது வண்டியையும், வெறும் பட்டன் மட்டுமே இருக்கற 2005ம் வருஷத்து வால்வோ வி70 ஒண்ணையும் 110 கிலோமீட்டர் வேகத்துல ஓட்டி, சூட்டைக் கூட்டறது, ரேடியோ ஸ்டேஷன் மாத்தறது மாதிரி நாலு வேலையைச் செய்யச் சொன்னாங்க. பழைய வால்வோவுல 10 விநாடியில முடிஞ்சுது, வண்டி ஓடினது 306 மீட்டர். புதுசுல கடைசியா வந்த வண்டிக்கு 44.9 விநாடி, 1,372 மீட்டர். நம்ம சென்னை பெங்களூர் ரோட்டுல, சென்டர் மீடியனைத் தாண்டி ஆளு ஓடற ரோட்டுல, எதிர்த் திசையில பைக் வர்ற ரோட்டுல, ஒண்ணேகால் கிலோமீட்டருக்கு மேல திரையை மேய்ஞ்சிட்டுப் போக முடியுமா? ஐரோப்பாவுல காரை மோதிப் பார்த்துப் பாதுகாப்புக்கு நட்சத்திரம் தர்ற யூரோ என்கேப்காரங்களே விழிச்சிக்கிட்டாங்க. இண்டிகேட்டர், ஹார்ன், வைப்பர், ஹசார்டு லைட், அவசர அழைப்பு, இந்த அஞ்சுக்கும் கையால தொட்டு உணர்ற சுவிட்ச் இல்லன்னா 2026லருந்து புள்ளி குறையும்னு சொல்லிட்டாங்க. அந்தப் பட்டியல்லயும் ஏசி இல்ல.

ஒவ்வொரு சுவிட்சுக்கும் தனி அச்சு, தனி ஒயர் போடறதுக்குப் பதிலா ஒரே திரையை ஒட்டிவிட்டா கம்பெனிக்குச் செலவு குறையுது. நம்மகிட்ட வந்து அதையே ‘பிரீமியம்’னு சொல்லிக் கூடுதல் காசு வாங்கறாங்க.

ஏபிஎஸ், ஏர்பேக் எல்லாம் எனக்கும் வேணும், அது உயிரைக் காப்பாத்துது. நான் கேக்கறது, கைக்கு எட்டற மாதிரி இருந்ததை எல்லாம் ஏன் பிடுங்கறீங்கன்னு. மச்சானோட டீசல் வண்டியை எடுத்துக்குங்க. 2020 ஏப்ரல்லருந்து புது வண்டிக்கெல்லாம் பிஎஸ் 6ங்கற புகைக் கட்டுப்பாட்டு விதி. புகைக் கரியைப் பிடிச்சு வெக்கற டிபிஎஃப் ஃபில்டர் உள்ள இருக்கு. சேர்ந்த கரியை 600 டிகிரி பக்கம் சூடேத்தி எரிச்சாத்தான் அது சுத்தமாகும். அதுக்கு வண்டி கொஞ்ச நேரம் நிக்காம நல்ல வேகத்துல ஓடணும். மச்சான் ஓட்டறது சத்துவாச்சாரியிலருந்து காட்பாடி. கிரீன் சர்க்கிள்ல நின்னு, பாலாத்துப் பாலத்துல ஊர்ந்து போற தூரம். எங்க எரியும் கரி? மூணே மாசத்துல டேஷ்போர்டுல எச்சரிக்கை லைட் எரிஞ்சுது, வண்டி இழுவை போச்சு. தினம் ஊருக்குள்ளதான் ஓட்டறேன்னு ஷோரூம்லயே சொல்லித்தான் வாங்கினாரு. அப்ப டீசல் வேண்டாம்னு ஒருத்தர் வாய் திறக்கல.

கோணவட்டத்துல இருபது வருஷமா எங்க வீட்டு வண்டியைப் பார்க்கற பாய்கிட்ட கொண்டு போனோம். ஸ்டார்ட் பண்ணினா போதும், சத்தத்தை வெச்சே வால்வா, பேரிங்கான்னு சொல்றவரு. ஸ்கேனரைச் சொருகிப் பார்த்துட்டு மூடிட்டாரு. “குறை இன்னான்னு தெரியுது சார். ஆனா அதைச் சரி பண்ற சாஃப்ட்வேரு கம்பெனிகிட்டதான் கீது. நான் இன்னா பண்ணட்டும்?”னு கேட்டாரு. கையில ஸ்பேனரை வெச்சிக்கிட்டு அப்படி நின்ன பாயைப் பார்க்க எனக்கு மனசு கேக்கல. பழுது பார்க்கற உரிமைக்குன்னு மத்திய அரசு 2022 ஜூலையில குழு போட்டுச்சு, அதுல கார், பைக்கும் உண்டு. கோணவட்டம் பட்டறைக்கு அதனால இன்னிக்கு வரைக்கும் ஒரு பிரயோஜனமும் வந்து சேரல.

ஸ்டெப்னிக்கும் அதே கதி. டயர் காத்தைச் சொல்ற சென்சாரும் பஞ்சர் கிட்டும் இருந்தா ஸ்டெப்னி தேவையில்லன்னு 2020லயே விதியைத் தளர்த்திட்டாங்க. ஜவ்வாது மலை ரோட்டுல டயர் பக்கவாட்டுல கிழிஞ்சா அந்தக் கிட்டால ஒண்ணும் பண்ண முடியாது.

நேத்து ஷோரூம் போய், ஏசிக்குத் திருகற நாப் இருக்கற வண்டி காட்டுங்க தம்பின்னு கேட்டேன். “அது கீழ் வேரியன்ட்ல மட்டும்தான் சார் இருக்கு, அதுல ரியர் வைப்பரும் ரிவர்ஸ் கேமராவும் வராது”ன்னாரு. ரெண்டும் சேர்ந்து ஒரே வண்டியில வேணும், எவ்வளவு ஆனாலும் தர்றேன்னு சொன்னேன். மேனேஜர் வரைக்கும் போய்க் கேட்டுட்டு வந்து, அப்படி ஒரு வண்டியே கம்பெனி செய்யறதில்லன்னு சொல்லிட்டாரு.