கடவுளைத் தவிர யாரிடமும் கேட்கமாட்டோமா?

"கடவுளைத் தவிர வேறு யாரிடமும் கை நீட்டமாட்டேன்" என்று அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் அன்பியக் கூட்டத்தில் யாராவது சொன்னால் எல்லோரும் தலையாட்டுவோம். எனக்கு இதில் உடன்பாடில்லை. கடவுளை நம்புகிறேன் என்ற பெயரில் நம்முடைய மரியாதையைக் காப்பாற்றிக்கொள்கிற பேச்சு இது. வேலை போனதைப் பக்கத்து வீட்டுக்குக்கூடச் சொல்லாமல், காலையில் பையோடு வெளியே போய்ப் பின்னேரம் திரும்புகிறவர்கள் இந்தக் கொழும்பில் இருக்கிறார்கள். நோயை மறைத்துக் கடைசி நேரத்தில் ஆஸ்பத்திரிக்கு ஓடுகிற குடும்பங்களும் இருக்கின்றன. ஞாயிறு பூசைக்கு நல்ல உடுப்போடு வந்து, "ஆண்டவர் புண்ணியத்தில் சுகம்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம்.

சரி, நாம் வணங்குகிற இயேசு எப்படி இருந்தார்? சமாரியப் பெண்ணிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டார். சீமோனின் படகில் உட்கார்ந்து போதித்தார். ஊர் ஊராகப் போனபோது பெண்கள் பலர் தங்கள் உடைமையைக் கொண்டு அவருக்கும் சீடருக்கும் உதவினார்கள் என்று லூக்கா 8ஆம் அதிகாரம் சொல்கிறது, சிலரைப் பெயரோடு. சிலுவையைச் சுமக்கச் சீரேன் ஊர் சீமோனின் தோள் வேண்டியிருந்தது. அடக்கம் செய்த கல்லறைகூட இன்னொருவருடையது. தந்தையாகிய கடவுளை அவரைவிட நம்பியவர் யார்? அவருக்கே அடுத்தவர் கையால் வாங்குவது இழிவாகப் படவில்லை.

2015 ஜனவரி 14 அன்று காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் புனிதராக அறிவித்த ஜோசப் வாஸ் அடிகளாரைப் பாருங்கள். 1687இல், கத்தோலிக்கக் குருக்களை ஒல்லாந்தர் தடை செய்திருந்த காலத்தில், கூலியாள் வேடத்தில் கோவாவிலிருந்து யாழ்ப்பாணம் வந்தார். வந்ததும் கடும் வயிற்றுளைச்சலில் விழுந்தார். தேறியதும் கழுத்தில் செபமாலையோடு வீடு வீடாகப் பிச்சை கேட்டுப் போனார். செபமாலையைக் கண்டதும் யார் முகம் மாறுகிறது என்று பார்த்து, மறைந்திருந்த கத்தோலிக்கரை அடையாளம் கண்டார். இதை ஒரு கெட்டித்தனமான யுக்தியாகவே சொல்லிப் பழகிவிட்டோம். பசிக்கு அவர் தின்றதும் அந்தப் பிச்சைச் சோற்றைத்தான் என்று யோசிப்பதில்லை. 1697இல் கண்டியில் பெரியம்மை பரவியபோது மற்றவர்கள் கைவிட்ட நோயாளிகளைப் பராமரித்தவரும் இதே மனிதர்தான்.

கொழும்பு கொச்சிக்கடைக் கோயிலில் புனித அந்தோனியாரிடம் செவ்வாய்க்கிழமைகளில் இந்துக்களும் பௌத்தர்களும்கூட வருகிறார்கள். பக்கத்தில் நிற்பது யார் என்று பார்க்காமல் அழுதே கேட்கிறார்கள். அந்த மனசு சொந்தப் பங்குக் கோயிலில், தெரிந்த முகங்கள் நடுவில் ஏன் வருவதில்லை?

கேட்கத் தயங்குகிறவரை மட்டும் குறை சொல்லவும் முடியாது. உலர் உணவுப் பொதியைக் கொடுக்கும்போது படம் எடுத்து முகநூலில் போடுகிறார்களே! 2022இல் காஸுக்கும் பால்மாவுக்கும் சனம் வரிசையில் நின்ற நாட்களில் இப்படி எத்தனை படங்கள் வந்தன. பிள்ளையோடு படிக்கிறவர்கள் பார்க்கப்போகிற படத்தில் பொதியோடு நிற்க எந்தத் தாய்க்கு மனம் வரும்? அப்புறம் அவர் ஏன் வாய் திறந்து கேட்கப்போகிறார்?

இந்தத் தவக்காலத்தில் உதவி கொடுக்கப் போகிற பங்குச் சபைக்காரர்களிடம் நான் கேட்பது இதுதான்: போனை வெளியே எடுக்காதீர்கள். பொதியைக் கொடுத்த கையோடு ஓடிவராமல், உள்ளே போய் உட்கார்ந்து, அவர்கள் தருகிற தேத்தண்ணியை வாங்கிக் குடித்துவிட்டு வாருங்கள்.