வாங்க வாங்க என்று கூப்பிடுகிற நாம்தான் இதையும் சொல்லணும்

போன வருடம் தை மாதம் என் மகளுக்குக் கல்யாணம். பாரிஸிலிருந்து அத்தையும் அத்தை பேரனும் வருவதாக ஏற்பாடு. அத்தை வந்துவிட்டார். பேரன் வரவில்லை. முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் முன்பு அங்கே விமான நிலையத்திலேயே அவனை நிறுத்திவிட்டார்கள். பாஸ்போர்ட்டில் ஒரு எண், விசாவில் வேறு எண்.

பிரெஞ்சு பாஸ்போர்ட் எண்ணில் எண்ணும் எழுத்தும் கலந்து வரும். 'பி' என்ற எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் 8 விழுந்திருந்தது. அவ்வளவுதான் தப்பு. ஆனால் விசா சரியில்லாதவரை ஏற்றி வந்தால் விமான நிறுவனத்துக்கு அபராதம். அதனால் கவுன்டரில் இருப்பவரிடம் எவ்வளவு கெஞ்சினாலும் ஒன்றும் நடக்காது. திரும்பவும் விண்ணப்பித்து, புது டிக்கெட் எடுத்து, கல்யாணம் முடிந்து நாலாம் நாள் வந்து சேர்ந்தான். வாசலில் கட்டின வாழை மரம் வாடித் தொங்கிக்கொண்டிருந்தது. "மாமா, சாரி மாமா" என்று அவன் என் கையைப் பிடித்துக்கொண்டது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

அவன் எங்கே விண்ணப்பித்தான் என்று உட்கார்ந்து பார்த்தோம். அரசாங்கத் தளம் மாதிரியே, அசோகச் சக்கரமெல்லாம் போட்ட ஒரு தனியார் தளம். 120 யூரோ வாங்கியிருக்கிறார்கள், எண்ணையும் தப்பாக அடித்திருக்கிறார்கள். இந்திய அரசின் உண்மையான தளத்தில் பல நாட்டவருக்கு ஒரு வருட இ-டூரிஸ்ட் விசா 40 டாலர், ஐந்து வருட விசா 80 டாலர். முகவரி 'ஜிஓவி டாட் இன்' என்று முடிகிறதா என்று பார்த்திருந்தால் போதும். அதை அவனுக்கு யார் சொல்லியிருக்க வேண்டும்? நான்தான். பத்திரிகையை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன், மண்டபத்துக்கு வழி அனுப்பினேன், எந்த வேட்டி கட்டணும் என்றுகூடப் பேசினோம். விசாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அதனால்தான் இந்தப் பதிவு. புதுச்சேரிக்காரர்களான நாம் வெளிநாட்டிலிருக்கும் சொந்தக்காரர்களையும் நண்பர்களையும் மனசாரக் கூப்பிடுகிறோம். எப்படி வரணும் என்று சொல்லித் தருவதும் கூப்பிடுகிறவர் பொறுப்புதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். மற்ற ஊரைவிட நம் ஊருக்கு இது ரொம்பவே பொருந்தும். ஏன் என்று எங்கள் வீட்டையே வைத்துச் சொல்கிறேன்.

என் தாத்தா சொல்தா, அதாவது சிப்பாய். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். பிரான்ஸிடம் இருந்த புதுச்சேரியின் நிர்வாகம் 1954 நவம்பர் 1-ஆம் தேதியே இந்தியா கைக்கு வந்துவிட்டாலும், இரண்டு நாடும் போட்ட ஒப்பந்தம் சட்டப்படி அமலுக்கு வந்தது 1962 ஆகஸ்ட் 16-ல்தான். அன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள், வேண்டுமென்றால் பிரெஞ்சு நேஷனாலிட்டியே இருக்கட்டும் என்று எழுதிக் கொடுக்கலாம். தாத்தா எழுதிக் கொடுத்தார். அப்போது அத்தைக்குப் பதினொரு வயது, தாத்தாவோடு சேர்ந்து அவரும் பிரெஞ்சுப் பிரஜை. என் அப்பாவுக்கு 23 வயது. அவர் எழுதிக் கொடுக்கவில்லை, இந்தியர் ஆனார். முத்தியால்பேட்டையில் ஒரே வீட்டில், ஒரே தாய் வயிற்றில் பிறந்த அண்ணனும் தங்கையும் ஆறு மாதத்தில் இரண்டு நாட்டுக்காரர்கள் ஆகிவிட்டார்கள். இந்த ஊரில் இப்படி எத்தனை குடும்பம்!

அத்தை பாஸ்போர்ட்டை விரித்தால் பிறந்த இடம் என்ற வரியில் பாண்டிச்சேரி என்று இருக்கும். அதைக் கையில் வைத்துக்கொண்டு சென்னை விமான நிலையத்தில் வெளிநாட்டவர் வரிசையில் நிற்பார். இந்த முறை இமிக்ரேஷனில் "எங்கே தங்கப் போறீங்கம்மா?" என்று கேட்டிருக்கிறார்கள். "எங்க வீட்ல" என்றாராம். முகவரி வேண்டும் என்றதும்தான் தெருப் பெயரைச் சொன்னாராம்.

இதில் எனக்கு ஆறாத வருத்தம் ஒன்று உண்டு. அத்தை இத்தனை வருடமாக விசா எடுத்து விசா எடுத்துத்தான் வந்துகொண்டிருக்கிறார். ஓசிஐ (ஓவர்சீஸ் சிட்டிசன் ஆஃப் இந்தியா) அட்டை என்ற ஒன்று 2005-லிருந்து இருக்கிறது. வாழ்நாள் முழுக்க எத்தனை தடவை வேண்டுமானாலும் வந்து போகலாம். நம் ஆட்கள் என்ன நினைக்கிறார்கள் என்றால், "நாங்க இந்தியன் பாஸ்போர்ட்டே வெச்சிருந்தது இல்லையே, எங்களுக்கு எப்படிக் குடுப்பாங்க?" ஆனால் குடியுரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது: 1947 ஆகஸ்ட் 15-க்குப் பிறகு இந்தியாவோடு சேர்ந்த பகுதியைச் சேர்ந்தவர்களும் ஓசிஐக்குத் தகுதியானவர்கள். நாம் அதில் அப்படியே பொருந்துகிறோம். அவர்களின் பிள்ளை, பேரப்பிள்ளை, கொள்ளுப்பேரப்பிள்ளை வரைக்கும் விண்ணப்பிக்கலாம். வெளிநாட்டிலிருந்து விண்ணப்பித்தால் 275 டாலர். ஒரு தடவை கட்டுவது. இதை நம் ஊரில் ஒவ்வொரு வீட்டிலும் சத்தமாகச் சொல்லணும்.

ஓசிஐ இல்லாதவர்களுக்கு இ-விசாதான் வசதி. கிளம்புவதற்கு நாலு நாளாவது முன்னதாக விண்ணப்பிக்கணும். நான் பட்டதைப் பார்த்தால் ஒரு மாதம் முன்பே போட்டுவிடுங்கள் என்பேன். பாஸ்போர்ட்டுக்கு ஆறு மாத ஆயுளும் இரண்டு வெற்றுப் பக்கமும் இருக்கணும். குடும்பப் பெயர், இட்ட பெயர் என்று இரண்டு கட்டம் வரும். நம் தாத்தாக்கள் காலத்தில் பெயர்கள் பதிவேட்டில் எப்படி எப்படியோ ஏறியிருக்கின்றன, 1881 ஆணைக்குப் பிறகு பழைய வழக்காற்றுச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்று, குடும்பப் பெயர் எடுத்துக்கொண்ட ரெனோன்சான் குடும்பங்கள் வேறு இருக்கின்றன. வீட்டில் கூப்பிடும் பெயரை யோசிக்காமல், பாஸ்போர்ட்டில் எந்த வரியில் என்ன இருக்கிறதோ அதை எழுத்துக்கு எழுத்து அப்படியே அடிக்கச் சொல்லுங்கள். 2025 அக்டோபரிலிருந்து வெளிநாட்டவர் இ-அரைவல் கார்டையும் வந்து இறங்குவதற்கு முந்தைய 72 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் நிரப்பிவிடலாம். பிரெஞ்சு கயானாவில் வேலை பார்க்கும் பிள்ளைகள் நேராக அங்கிருந்து வந்தால் மஞ்சள் காய்ச்சல் ஊசிச் சான்றிதழ் கட்டாயம்.

லாஸ்பேட்டை விமான நிலையத்தில் உள்நாட்டு விமானம் மட்டும்தான். பெரும்பாலும் சென்னையில் இறங்கி, ஈசிஆரில் 150 கிலோமீட்டர் வரணும்.

சரி, சுங்கம். ஒயின் கொண்டுவராமல் பிரான்ஸிலிருந்து யார் வருகிறார்கள்? ஒருவருக்கு 2 லிட்டர். முக்கால் லிட்டர் பாட்டில் என்றால் இரண்டு, மூன்றாவது கணக்கைத் தாண்டிவிடும். சிகரெட் 100. புகைக்குப் பதிலாக இளைஞர்கள் இழுக்கும் இ-சிகரெட் கூடவே கூடாது, 2019-லேயே இங்கே சட்டம் போட்டுத் தடை செய்துவிட்டார்கள். அங்கே கடையில் சாதாரணமாக விற்பதால் பிள்ளைகளுக்கு இது தெரிவதே இல்லை. ட்ரோன் வேண்டாம். சாட்டிலைட் போன் வேண்டவே வேண்டாம். 2025 ஜனவரியில் நம் லாஸ்பேட்டையிலேயே ஒரு வெளிநாட்டுப் பயணியிடம் அது இருந்து மாட்டிக்கொண்ட செய்தி வந்தது. வெளிநாட்டு நோட்டாக 5,000 டாலருக்கு மேல், அல்லது எல்லாம் சேர்த்து 10,000 டாலருக்கு மேல் இருந்தால் எழுதிக் காட்டணும். பரிசுப் பொருள்களுக்கான வரம்பு, இந்திய வம்சாவளிப் பயணிக்கு ஒன்று, மற்ற வெளிநாட்டவருக்கு அதைவிடக் குறைவு. 2016 விதிகளில் 50,000 ரூபாயும் 15,000 ரூபாயுமாக இருந்தது. கிளம்பும்போது என்ன தொகை என்று பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

நகைதான் பெரிய கவலை. ஒரு வருடத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்துவிட்டுத் திரும்புகிற பெண்ணுக்கு 40 கிராம், ஆணுக்கு 20 கிராம் என்பது கணக்கு. அதாவது ஐந்து பவுன், இரண்டரை பவுன். நம் பெண்கள் கல்யாணத்துக்கு வரும்போது கழுத்தில் எவ்வளவு இருக்கும் என்று நமக்குத் தெரியும். சென்னையில் இலங்கைத் தமிழ்ப் பெண் ஒருவரின் தாலிக்கொடியைப் பறிமுதல் செய்த வழக்கில், அதைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி 2025-ல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நல்ல தீர்ப்பு. ஆனாலும் கல்யாணத்துக்கு வருகிறவள் கோர்ட்டு வரைக்கும் போகவா முடியும்? சுங்கத்தில் பொருளை எழுதிக் காட்டுவதற்கென்று இருக்கும் ரெட் சேனலில் போய்ச் சொல்லிவிடுவதே நிம்மதி.

வந்து சேர்ந்த பிறகு நம் வேலை ஒன்று இருக்கிறது. சி-ஃபார்ம் (2025 செப்டம்பரிலிருந்து விதிகளில் ஃபார்ம் III என்று பெயர்). ஓட்டலுக்கு மட்டும்தான் அது என்று பலரும் நினைக்கிறார்கள். வெளிநாட்டுப் பிரஜை நம் வீட்டில் தங்கினாலும், 24 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் தெரிவிக்கணும். பேரன் வந்த அன்று ராத்திரி பதினொரு மணிக்கு நான் அதை நிரப்பினேன். சாப்பாட்டு மேசையில் அவன் பாஸ்போர்ட், பக்கத்தில் கல்யாணத்துக்கு வாங்கின மைசூர்பாகு டப்பா. விசா எண், கொடுத்த இடம், வந்த தேதி, அடுத்து எங்கே போகிறார். எல்லாம் ஆங்கிலத்தில். பட்டதாரியான நானே இரண்டு தடவை தப்பு செய்தேன். குருசுக்குப்பத்தில் தனியாக இருக்கும் ஒரு பாட்டி, பிரான்ஸிலிருந்து வரும் தன் மகனுக்கு இதை எப்படி நிரப்புவார்?

விதியே கூடாது என்று நான் சொல்லவில்லை. எந்த நாடும் யார் உள்ளே வருகிறார் என்று கேட்கத்தான் செய்யும். ஆனால் அந்தக் கேள்வியைத் தமிழில் கேளுங்கள். சி-ஃபார்ம் தமிழிலும் வரட்டும். பிரெஞ்சுத் தெருக்களையும் கடற்கரையையும் காட்டி உலகத்தையே அழைக்கும் நம் சுற்றுலாத் துறை, இந்த விவரங்களைத் தமிழிலும் பிரெஞ்சிலும் ஒரே பக்கத்தில் போட்டு, ஓசிஐ பற்றியும் அதில் எழுதட்டும். கடற்கரைச் சாலையில் பழைய சுங்கக் கட்டடத்தின் வெள்ளைச் சுவரைப் பார்க்கும்போதெல்லாம், இதற்கு அங்கேயே ஒரு சின்ன உதவி மேசை போட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று தோன்றும்.

அத்தைக்கும் பேரனுக்கும் ஓசிஐ போடுவதென்று முடிவு செய்துவிட்டோம். திங்கட்கிழமை நகராட்சிக்குப் போய் அத்தையின் 1951 எத்தா சிவில் (பிரெஞ்சுக் காலப் பிறப்புப் பதிவு) நகலுக்கு எழுதிக் கொடுக்கப் போகிறேன். அந்தக் காலத்துப் பிறப்புப் பதிவை வைத்து ஓசிஐ வாங்கினவர்கள் யாராவது இருந்தால், கூட என்னென்ன காகிதம் கேட்டார்கள் என்று கீழே எழுதுங்கள். உங்கள் வீட்டுக்கு யாராவது வருவதாக இருந்து படிவம் புரியவில்லை என்றால் இன்பாக்ஸில் வாங்க. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன், சேர்ந்து உட்கார்ந்து நிரப்பலாம்.