தலைக்கவசத்துப் பன்றி எல்லாம் ஃப்ரெய்ருக்கா?
தலைக்கவசத்தில் பன்றி உருவம் இருந்தாலே அணிந்தவர் ஃப்ரெய்ரின் (பொன்மயிர்ப் பன்றி வைத்திருந்த, பழைய ஸ்காண்டிநேவியத் தெய்வம்) பக்தர், அந்தப் பன்றி போரில் காப்பு என்று இந்தக் கட்டுரை முடிவு கட்டுவது அவசரம். 1848-இல் இங்கிலாந்தின் டெர்பிஷயரில் பென்டி கிரேஞ்ச் புதைமேட்டில் கிடைத்த 7-ஆம் நூற்றாண்டுத் தலைக்கவசத்தைப் பாருங்கள்: இரும்புச் சட்டத்தின் மேல் கொம்புத் தகடுகள், உச்சியில் வெண்கலப் பன்றி, அதற்குச் சிவப்பு கார்னெட் கற்களால் கண்கள். ஆனால் மூக்கை மறைக்கும் பட்டையில் வெள்ளிச் சிலுவை! சிலுவையைப் பதித்துக்கொண்டவரும் (கிறிஸ்தவம், பழைய நம்பிக்கை என இரண்டு பக்கமும் காப்பு தேடினாரோ என்னவோ) பன்றியை விடவில்லை. தவிர இது ஆங்கிலோ-சாக்சன் பொருள், அதாவது அக்கால இங்கிலாந்து மக்களுடையது. கட்டுரை ஆதாரம் காட்டும் ஸ்னோரியின் ‘எட்டா’ என்ற புராணத் தொகுப்போ ஐஸ்லாந்தில் 13-ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்டது; அதை இதற்கு உரையாக வைக்க முடியாது. போரில் காப்பு என்பது வரை சரி, பேவுல்ஃப் என்ற பழைய ஆங்கிலக் காவியமும் தலைக்கவசப் பன்றி உயிரைக் காப்பதாகத்தான் சொல்கிறது. வால்ஹல்லாவில் (போரில் இறந்த வீரர்கள் சேரும் புராண மண்டபம்) தினமும் சமைக்கும் பன்றியும் ஃப்ரெய்ருடையதுதானா என்று இன்னொரு வாசகர் கேட்டிருக்கிறார். இல்லை, அது சேஹ்ரிம்னிர். பகலில் கொப்பரையில் வெந்து மாலைக்குள் மறுபடி முழுசாகிவிடும். ஃப்ரெய்ரின் பன்றியான குல்லின்பர்ஸ்டியோ, பன்றித்தோலை உலையில் இட்டு, ஈ கையைக் கடித்தும் துருத்தியை நிறுத்தாமல் குள்ளர்கள் செய்தது. அதன் பொன்மயிர் இருட்டில் வெளிச்சம் தரும், கடல் மேலும் ஓடும். சமையலுக்கு அகப்படாது.